ஊற்றாத தண்ணீர்

புதிதாக வேதியர் வேலைக்கு, அந்தக் காலத்தில் உபதேசியார் என்பார்களே அதற்கு, வந்திருக்கும் உங்கள் முன்னால் பேச என்னைக் கூப்பிட்ட பங்குச் சாமியார், "ரொம்ப இழுத்துராதீக" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுத்தான் மைக்கைக் கொடுத்தார். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அன்று நல்ல பிள்ளையாகச் சீக்கிரம் முடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்ட முடியாது.

அன்று ஒரு தங்கை எழுந்து, "அறிமுகமே இல்லாதவங்ககிட்ட ஆண்டவரைப் பத்தி எப்படிப் பேச்சைத் தொடங்குறது?" என்று கேட்டது. ஏதோ மழுப்பினேன். உண்மையில் தொடங்குவது பெரிய காரியமில்லை. டீக்கடையில் நின்றால் எதையும் தொடங்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது.

சாமியார் வர முடியாத ஊர்களில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது என்று நம் வேலைகளையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். இன்னொன்றையும் சொல்லியிருப்பார்கள். சாகக்கிடக்கும் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு, அருகில் சாமியார் இல்லையென்றால், நாமே தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். தண்ணீரும் சில வார்த்தைகளும் போதும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எப்படிச் செய்வது என்று உங்களுக்கு ஒப்பிக்கவே தெரிந்திருக்கும். எப்போது செய்யக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு சித்திரை மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நானாகத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

என் பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். வேளாங்கண்ணியில் வாங்கியது, மாதா உருவத்தில் செய்த சின்ன பிளாஸ்டிக் பாட்டில். மாதாவின் நீலக் கிரீடம்தான் மூடி. பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை துழாவும்போது கிரீடம் வெளியே எட்டிப் பார்க்கும். கண்டக்டர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

அந்தத் தண்ணீரோடு நான் போய் நின்றது வீரணன் என்பவரின் கட்டிலுக்கு முன்னால். சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் வழியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. எங்கள் கிளைக்கோயிலுக்கு அந்தப் பாதையில்தான் போவேன். ஒருநாள் என் டிவிஎஸ் வண்டி அவர் தோட்டத்துக்கு முன்னால் மக்கர் செய்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். அப்படி ஆரம்பித்த பழக்கம், பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து பல வருடம் பேசுவதாக ஆகிவிட்டது. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய் எள் தீபம் போடுகிற மனிதர். அவருடைய மகள் செல்வி எங்கள் பங்கில் ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கல்யாணத்துக்கு முன்பே தன் விருப்பமாக ஞானஸ்நானமும் வாங்கியவள். மகன் குமரேசன் அப்பாவோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மதம் மாறி வேதத்துக்குப் போனதில் அவருக்கு மனத்தாங்கல். என்னைக் கண்டால் மருந்தடிக்கும் மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார்.

வீரணன் சும்மா கேட்கிற ஆளில்லை. குடைந்து குடைந்து கேட்பார்.

"வேதியரே, உங்க சாமிய ஆணியடிச்சாகள்ல, அப்ப கூட இருந்தவுகெல்லாம் எங்கன போனாக?"

"முக்காவாசிப் பேரு ஓடிட்டாக."

"பெத்த ஆத்தா?"

"அவுக நின்னாக. கடைசி மூச்சு வரைக்கும் அங்கனயே நின்னாக."

"நின்னு என்ன செஞ்சாக?"

"என்ன செய்ய முடியும்? நின்னாக, அவ்வளவுதான்."

கொடி வெட்டிக்கொண்டிருந்த கவாத்துக் கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு, "எம் பொண்டாட்டி போகையில என்னால பாக்க முடியல. வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்துட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் உள்ள போனேன்" என்றார். அதற்குப் பிறகு சிலுவையடியில் அந்த அம்மா நின்ற கதையை அடிக்கடி சொல்லச் சொல்லுவார். நானும் சொல்லுவேன்.

ஒருநாள் நான் ஞானஸ்நானப் பேச்சை மெல்ல எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அது வேணும்னா நானே வாய்விட்டுக் கேப்பேன். நீங்க கேக்காதீக" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போனதைப் பார்த்துச் சிரித்து, ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையைக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் ஜெபத்தில் அவர் பெயரை ஒருநாளும் விட்டதில்லை. அவர் கேட்கும் நாள் வராதா என்று ஏங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, உச்சிவெயில் நேரத்தில் செல்வியிடமிருந்து போன் வந்தது. அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை.

"அய்யா, அப்பாவுக்குப் பக்கவாதம். தேனிப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கோம். இன்னிக்குத் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாக. சாமியாருக்குப் போன் போட்டேன், மதுரையில இருக்காகளாம். நீங்க வாங்க. அப்பா உங்களத்தான் கேட்டாக."

"கேட்டாரா?"

"ஆமாய்யா. ஞானஸ்நானம் குடுக்கத் தண்ணியோட வாங்க."

அவர் சாகக்கிடக்கிறார் என்று கேட்ட அதே நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. இந்த வேலையில் இப்படித்தான், துக்கமும் சந்தோஷமும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்காரும். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பஸ் வீரபாண்டிக்கு முன்னால் நின்றுவிட்டது. ரோடு முழுக்க அக்கினிச்சட்டி, கூட்டம், மஞ்சள் தண்ணீர், மேளம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். இறங்கிக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தேன். சட்டி ஏந்தி வந்த ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, வழி விடுங்கடா, ஆஸ்பத்திரி மொகமா இருக்கு" என்று தனக்கு முன்னால் போனவர்களை விலக்கிவிட்டார். அந்தப் பக்கம் போய் ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம், "ஆண்டவரே, கொஞ்ச நேரம் பிடிச்சு வையும்" என்பதுதான் என் ஜெபம்.

வார்டு வாசலில் செல்வி நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சீக்கிரம் வாங்கய்யா. அண்ணன் மருந்து வாங்கக் கீழ போயிருக்கான். வாறதுக்குள்ள முடிச்சிருங்க."

என் கால் அப்படியே நின்றுவிட்டது. அவசரமாக முடிக்கச் சொன்னதால் இல்லை. அண்ணன் வருவதற்குள் என்றாளே, அதனால்தான். நீங்களும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வருவதற்குள் செய்ய வேண்டும் என்று யாராவது நம்மிடம் சொன்னால், அந்தக் காரியத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

"செல்வி, அப்பா சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு."

"வேதியர வரச் சொல்லுன்னாக."

"அவ்வளவுதானா? ஞானஸ்நானம்னு வாயில வந்துச்சா?"

"வேதியர எதுக்குய்யா வரச் சொல்லுவாக? திராட்சைக் கொல முத்திருச்சான்னு கேக்கவா? அதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. சாகப்போற மனுசன்கிட்ட வெளக்கமா கேட்டுக்கிட்டு இருக்க முடியும்?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உள்ளே போனேன்.

வீரணனின் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கோணி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண் திறந்திருந்தாலும் என்னைப் பார்க்கிறாரா, எனக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. மூச்சு இழுக்கும், நிற்கும், நாம் பதறும்போது மறுபடி இழுக்கும். இடது கைக்குள் என் விரலை வைத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். கவாத்துக் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தப் பிடி எனக்கு வலித்தது.

மறுகையால் பாட்டிலை எடுத்து, பல்லால் மூடியைத் திருகினேன். நீலக் கிரீடம் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"வீரணன், நான்தான் வந்திருக்கேன். ஞானஸ்நானம் வேணுமா? வேணும்னா என் விரலை அமுக்குங்க."

பிடி அப்படியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அமுக்குறாக! பாருங்க, அமுக்குறாக!" என்றாள் செல்வி.

"இரு ஆத்தா." மறுபடி குனிந்து அவர் காதில் சொன்னேன். "வேணாம்னா அமுக்குங்க."

அதே பிடி. கொஞ்சமும் மாறவில்லை. என் விரலைப் பிடித்திருந்தார், அதற்கு மேல் அந்தக் கை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூச்சு நின்றது. இந்தத் தடவை நீளமாக நின்றது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து நின்றுவிட்டார். செல்வி என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஊத்துங்கய்யா! எங்கப்பா போறாகய்யா, ஊத்துங்க!" என்று கத்தினாள். என் கை அவர் நெற்றிக்கு மேலே இருந்தது. பாட்டில் சாய்ந்திருந்தது. தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊற்றினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு மனம் சொன்னது. இவர் தலை ஈரமாகும், செல்வி நிம்மதியாவாள், நான் இத்தனை வருடம் ஜெபித்தது பலித்துவிடும். ஊற்றாமல் விட்டு, நாளை ஆண்டவர் முன்னால் நிற்கும்போது "உன் கையில் தண்ணீர் இருந்ததே" என்று அவர் கேட்டால்? இன்னொரு பக்கம், பந்தலுக்குக் கீழே கையைக் காட்டி நிறுத்திய அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். நானே வாய்விட்டுக் கேட்பேன் என்றார். வாய் இருந்தவரை கேட்கவில்லை. இப்போது வாய் இல்லை என்றதும் நான் அவருக்காகப் பதில் சொல்லலாமா? ஆண்டவர் தருவதைக் கொடுக்கத்தான் எனக்கு உரிமை. ஒருவர் பேச முடியாத நேரத்தில் அவர் சம்மதத்தை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

பாட்டிலை நிமிர்த்தினேன். மூச்சு மறுபடி இழுத்தது.

நிமிர்ந்து பார்த்தால் வார்டு வாசலில் குமரேசன். கையில் மருந்துப் பை. அவர் கண் என் கையிலிருந்த பாட்டில் மேல் இருந்தது.

"என்ன வேதியரே, எங்கப்பா வாயில பேச்சில்லாத நேரமாப் பாத்து வந்திருக்கீக?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எனக்கு முன்கோபம் உண்டு. "உன் தங்கச்சி கூப்பிட்டுத்தான் வந்தேன்" என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன், அண்ணனும் தங்கையும் அப்பாவின் கட்டிலுக்கு மேலேயே அடித்துக்கொள்வார்கள். விழுங்கிவிட்டேன்.

"ஊத்தத்தான் வந்தேன், தம்பி. அவருகிட்டக் கேட்டேன், பதில் தெரியல. அதனால ஊத்தல."

"நான் வந்ததுனால ஊத்தல."

"நீங்க வந்ததப் பாக்கறதுக்கு முன்னாடியே நிமித்திட்டேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்." பாட்டிலை அவரிடம் நீட்டினேன். "இதை நீங்களே வச்சுக்கங்க. என்னை இங்கன நிக்க மட்டும் விடுங்க. அவரு என் விரலை விட மாட்டேங்கிறாரு."

குமரேசன் அப்பாவின் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் போய் நின்றார். குனிந்து அடியில் கிடந்த மூடியை எடுத்துத் திருகி மூடினார்.

செல்வியால்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "எங்கப்பாவக் கைவிட்டுட்டீகளேய்யா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய்ச் சரிந்து உட்கார்ந்தாள். குமரேசன் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வெயில் தாழ்கிற வரைக்கும் நின்றேன். மனதுக்குள் எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் வீரணன் இறந்தார். விரலைப் பிரித்தெடுக்க நர்ஸ் வர வேண்டியிருந்தது.

குமரேசன்தான் கொள்ளி வைத்தார். நான் சுடுகாட்டு ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். அதற்குள் பங்கில் பேச்சு பரவிவிட்டது. கைக்கு எட்டிய ஆன்மாவை வேதியர் நழுவ விட்டுவிட்டார் என்று கோயில் வாசலிலேயே என் காதுபடப் பேசினார்கள். செல்வி பூசைக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் போவாள்.

மதுரையிலிருந்து திரும்பிய சாமியாரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். இப்போது இருப்பவர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர். எனக்கு இந்த வேலையின் நெளிவுசுளிவெல்லாம் கற்றுக்கொடுத்தவர். தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "சட்டம் உங்க பக்கம் இருக்கு. கேக்காதவருக்குக் குடுக்கக் கூடாது. ஆனா அந்த இடத்துல நான் நின்னிருந்தா ஊத்தியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியல" என்றார். அவ்வளவுதான். இதை உங்களிடம் மறைத்துவிட்டு, நான் செய்ததுதான் சரி என்று மார்தட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறு வருடம் பந்தலில் காய் பிடித்திருந்த சமயம், கிளைக்கோயிலுக்குப் போகும் வழியில் குமரேசன் ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். மறுகோடிக்குப் போகிற ஆள் குறுக்கே வந்து நின்றதும் வண்டியை நிறுத்தினேன்.

"வேதியரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலையில பேச்சு போறதுக்கு முன்னாடி, எங்கப்பா எங்கிட்டயும் அதத்தான் சொன்னாக. 'வேதியர வரச் சொல்லு, அவருக்கு நிக்கத் தெரியும்'னாக. நீங்க வந்தா மாத்திப்புடுவீகன்னு பயந்துட்டு நான் கூப்பிடல."

வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் என்னைக் கேட்டது உண்மை. எதற்குக் கேட்டார் என்பது இத்தனை நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். குமரேசன் பார்க்காத மாதிரி பந்தல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சிகிட்ட இத நீங்க சொல்லுங்க தம்பி" என்றேன்.

"சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை அவளக் கூட்டிட்டு வாறேன்."

சொன்னபடி வந்தார். பைக்கைக் கோயில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார். பூசை முடிந்து செல்வி என்னிடம் வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அய்யா, எங்கப்பா இப்ப எங்கன இருப்பாக?"

"தெரியல ஆத்தா. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். கடைசி மூச்சு வரைக்கும் உங்கப்பா என் விரலை விடல. நானும் விடல. ஒரு சாதாரண வேதியன், நானே விடலைன்னா, ஆண்டவர் கைய விட்டிருப்பாருன்னு என்னால நம்ப முடியல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, "வாறேன்யா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

அவளோடு கேட்டு வரை நடந்தேன். குமரேசன் பைக்கைக் கிளப்பினார், உடனே அணைத்தார். பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து நீலக் கிரீடம் போட்ட பாட்டிலை எடுத்தார். அதற்குள் தண்ணீர் அப்படியே இருந்தது. திருப்பித் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வேதியரே, பெத்த பிள்ள சாகையில ஒரு ஆத்தா கடைசி வரைக்கும் நின்னாகளாமே. எங்கப்பா அடிக்கடி சொல்லுவாக. நான்தான் சரியாக் காது குடுத்துக் கேக்கல. அத எனக்கு ஒருக்காச் சொல்லுறீகளா?"